பொட்டு வைத்த பிஸ்டல்

நான் பிஸ்டல் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் என் கணவரைத்தான் பாவமாகப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பது கல்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். "இன்னாக்கா, வூட்ல எதுனா பிரச்சனையா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டேவிட்டாள். இது ஆளைச் சுடுகிற சாமான் இல்லை, தூரத்தில் நிற்கிற வட்டம் போட்ட அட்டையைச் சுடுகிற விளையாட்டு என்று நான் விளக்கினேன். விளக்கி முடித்தபோது அவள் என் கணவரிடம், "அண்ணே, எதுக்கும் உஷாரா இருங்க" என்றாள். அவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. ஒரு முள் சரியான இடத்தில் நிற்கிறதா, ஒரு எடைக்கல் சொன்ன எடை இருக்கிறதா என்று நாள் முழுக்கச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம். நாற்பதைத் தாண்டிய பிறகு, செங்கல்பட்டுப் பக்கம் இருந்த ஒரு சுடும் கிளப்புக்கு அலுவலகத் தோழி ஒருத்தி என்னை இழுத்துப் போனாள். அவள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. மூச்சை அடக்கி, கையை நீட்டி, விசையை மெதுவாக அழுத்தும்போது உலகத்தில் யார் மேலும் எனக்குக் கோபம் இருக்காது. அது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் கிளப்பில் இருந்தது ஒரே ஒரு பிஸ்டல். பொத்தேரிக் கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வந்து இறங்குவார்கள். ஒவ்வொருவனும் குழல் மேலே குறி பார்க்கிற முள்ளைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி திருகி வைப்பான். என் முறை வரும்போது பாதி நேரம் அதைப் பழையபடி திருகுவதிலேயே போய்விடும். மாநிலப் போட்டியில் மூத்தோர் பிரிவுக்குத் தகுதி பெற எனக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. சொந்த பிஸ்டல் இருந்தால் அந்தக் கொஞ்சத்தை எட்டிவிடலாம் என்று உறுதியாக நம்பினேன்.

லைசென்ஸுக்கு மனுப் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஒரு வழியாகக் கைக்கு வந்தது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். துப்பாக்கி என்பது நிலக்காரர் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது, அதைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அந்தச் சின்ன லைசென்ஸ் புத்தகத்தில் என் போட்டோவைப் பார்த்தபோது நான் அழுதேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் ஆயுதத்தை வாங்கி அதன் எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும். ஒரு முறை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. இனி மிச்சமிருந்தது அந்தக் கோடை மட்டும்தான்.

புதியது வாங்க எனக்கு வசதியும் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அரசு அனுமதிக்கிற அளவுக்கு நான் பெரிய வீராங்கனையும் இல்லை. அதனால் பழையது தேடினேன். பழைய பிஸ்டல் பார்ப்பதும் பெண் பார்ப்பதும் ஒன்றுதான் என்பார் என் கணவர். இரண்டிலும் வீட்டுக்காரர்கள் சொல்வதை நம்பக் கூடாதாம். எங்கள் கல்யாணத்தில் யார் எதை மறைத்தார்கள் என்று நான் கேட்டேன். அவர் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

முதலில் பார்த்தது மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்த ஒரு பங்களாவில். தோல் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், மூடியில் கம்பெனி முத்திரை எல்லாம் அப்படியே இருந்தது. பெட்டியைத் திறந்ததும் அந்தக் கனவான் என் முகத்தைப் பார்த்தார், நான் மயங்கி விழுவேன் என்று. குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உப்புக் காற்றின் ஈரத்தைத் தோலும் வெல்வெட்டும் வருஷக்கணக்காகக் குடித்து, பிஸ்டலுக்கு ஊட்டியிருந்தன. உட்சுவர் முழுக்க அரிப்பு. "பெட்டி ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது சென்னையில். கறுப்பு பளபளவென்று மின்னியது. மின்னியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய எஃகு அப்படி மின்னாது. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, முனைகள் வழுவழுப்பாகியிருந்தன. யாரோ தேய்த்துத் துருவை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். மூன்றாவது உண்மையிலேயே அருமையான பிஸ்டல். விலையும் குறைவு. ஏன் குறைவு என்று பிறகுதான் புரிந்தது. அது எங்கள் போட்டியில் சுடுகிற நீளத் தோட்டாவுக்குச் செய்ததில்லை, ஒரு காலத்தில் வேகப் போட்டிகளுக்குப் பயன்பட்ட குட்டைத் தோட்டாவுக்குச் செய்தது. அந்தத் தோட்டா இப்போது இங்கே எங்கேயும் கிடைக்காது. "ஷோகேஸ்ல வெச்சிக்கலாமே" என்றார் விற்பவர். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டினேன்.

இந்த அலைச்சலில் ஒன்று தெரிந்துகொண்டேன். சேகரிப்பவர்களுக்கு ஒரு விலை, சுடுகிறவர்களுக்கு ஒரு விலை. சேகரிப்பவர் பெட்டியைக் கேட்பார், தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த அட்டையைக் கேட்பார், பூச்சில் கை வைத்திருக்கக் கூடாது என்பார். சுடுகிறவருக்குக் குழல் சுத்தமாக இருக்க வேண்டும், விசை மணல் மாதிரி நெருடாமல் விடுபட வேண்டும், தோட்டா அடுக்கும் மேகசின் அதனுடையதாகவே இருக்க வேண்டும். நான் இரண்டாவது கட்சி. ஆனால் நல்ல சாமான் எல்லாம் முதல் கட்சிக்கே போய்க்கொண்டிருந்தது.

கோடை பாதி கழிந்த பிறகு கிளப்பில் ஒருவர் சொல்லி, செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெரியவர் லாரி வைத்துப் பிழைத்தவர். நிலமும் உண்டு. வாலிபத்தில் கிளப்பில் பெயர் வாங்கிய சுடும் ஆள். இப்போது கண்ணில் அழுத்த நோய், நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் பிஸ்டலை யாருக்காவது கொடுத்துவிட நினைத்தார்.

அப்படிப்பட்ட வீடுகளின் கொல்லைப்புறம்தான் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஆயுத பூஜை அன்று அம்மாவோடு போய், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று, வாழை இலைத் துண்டில் பொரி வாங்கி வருவோம். அதனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லட்டும் பார்க்கலாம் என்று தயாராகத்தான் போனேன். "சார்" என்றுதான் கூப்பிடுவேன், "ஐயா" என்று கூப்பிட மாட்டேன் என்றும் முடிவு செய்திருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரியவரின் மனைவி, "உக்காரும்மா, வெயில்ல வந்துகீறீங்க" என்று சோபாவில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். எனக்குச் சண்டைக்கு ஆள் கிடைக்காத ஏமாற்றம்.

பெரியவர் மேகசினைக் கழற்றி, மேல் பாகத்தைப் பின்னே இழுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணுக்குத் தெரியாததால் சுண்டுவிரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். மரப்பிடி கைக்குள் வந்து உட்கார்ந்தது. பாகங்களில் பொறித்த எண்கள் ஒத்திருந்தன. குழலின் உட்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. விசை தாங்க வேண்டும் என்று போட்டி விதி சொல்கிற ஒரு கிலோ எடையைக் கொண்டுபோயிருந்தேன், அதை விசையில் மாட்டித் தூக்கினேன். எடையைத் தாங்கி நின்றது, நான் விரலால் லேசாகத் தொட்டதும் விட்டது. பெட்டி, தொழிற்சாலை அட்டை, எல்லாம் இருந்தன. ஒரே ஒரு குறை, பிஸ்டலின் மேல் பாகத்தில், பக்கவாட்டில் வட்டமாக இரண்டு பழுப்புக் கறைகள். அது ஒன்றும் பெரிதில்லை.

கடைசியாகப் பூதக்கண்ணாடியை எடுத்து, தோட்டா உட்காரும் அறையின் வாயைப் பார்த்தேன். டார்ச்சைக் கிட்டே பிடித்து மறுபடி பார்த்தேன்.

இந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து இருப்பது விளிம்பில். பெரிய தோட்டா மாதிரி ஊசி நடுவில் குத்தாது, ஓரத்தில் குத்தும். உள்ளே தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் அந்த ஊசி எஃகு ஓரத்தில் போய்க் குத்தும். ஒரு முறை இரண்டு முறை என்றால் தெரியாது. இங்கே ஓரம் நசுங்கி, பிதுங்கிய உலோகம் அறைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. இதில் சுட்டால் காலிக் குப்பி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். போட்டியில் ஒரு முறை சிக்கினாலே கதை முடிந்தது.

"சார், இத தோட்டா இல்லாம நெறைய தடவ அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

பெரியவர் பெட்டியின் மூடியைத் தடவினார். அவர் மனைவிதான் சந்தோஷமாகச் சொன்னார். "ஆயுத பூஜைக்கும்மா. லாரி, பம்பு செட்டு, தையல் மிஷினு, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சி படைப்போம். படைச்சதும் எல்லாத்தயும் ஒரு தபா ஓட்டணுமில்ல? லாரிய ஸ்டார்ட் பண்ணி எலுமிச்சம்பழத்து மேல ஏத்துவாங்க. மிஷின்ல ரெண்டு தையல் போடுவேன். இத இன்னா பண்றது? வூட்ல சுட முடியுமா? அதான், காலியா ஒரு தபா டக்குனு."

"ஒரு தபா மட்டுமா?"

"ஆளுக்கு ஒரு தபா. புள்ளைங்க, மருமவளுங்க, பேரப் பசங்க. அதுங்க வுடுமா? இவரே கெட்டியா புடிச்சிகினு இருப்பாரு, அதுங்க வெரல மட்டும் வெக்கும்."

அந்தப் பழுப்புக் கறைகள் என்ன என்று அப்போதுதான் விளங்கியது. வருஷா வருஷம் அதே இடத்தில் வைத்த ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம். நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் எங்கள் லேபிலும் ஆயுத பூஜைக்கு மைக்ரோமீட்டருக்குப் பொட்டு வைப்பார்கள். மறுநாள் அதைத் துடைத்து எண்ணெய் போடுவது என் வேலை. அதைத் துடைக்கும்போதெல்லாம் நான் முணுமுணுப்பது உண்டு. இந்த வீட்டில் முணுமுணுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். பக்குவமாகப் பேசி விலையைக் குறைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் எடைக்கல்லில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பூதக்கண்ணாடியை அந்த அம்மா கையில் கொடுத்து, நசுங்கிய இடத்தைக் காட்டி, ஏன் அப்படி ஆனது என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"அப்போ எங்க பூஜையாலதான் கெட்டுப்போச்சா?"

அப்படிப்பட்ட வீடுகளின் மேல் நான் எத்தனையோ கோபம் சேர்த்து வைத்திருந்தேன். அந்த ஒரு கேள்வியில் அதில் பாதி கரைந்தது. "கெட்டுப்போகலம்மா, அடிபட்டிருக்கு" என்றேன்.

பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எனக்குத் தெரியும்மா. கிளப்புல சொல்லிக் குடுத்துகீறாங்க. வருஷத்துக்கு ஒரு நாள்தானேன்னு வுட்டுட்டேன். பேரப் பசங்க அந்த டக்கு சத்தத்துக்குக் கைதட்டும்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தால் அதுகூட எழுந்து போயிருக்கும்.

சென்னையில் லைசென்ஸ் வைத்துத் துப்பாக்கி பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். அங்கிருந்தே போன் போட்டேன். பிதுங்கிய உலோகத்தைப் பழையபடி உள்ளே அழுத்தி ஏற்றிவிட ஒரு கூம்புக் கருவி இருக்கிறது, முயற்சி செய்யலாம் என்றார். "ஆனா கேரண்டி கேக்காதீங்க மேடம். பழைய எஃகு. ஓரம் தெறிச்சிடுச்சின்னா அப்புறம் அது பேப்பர் வெயிட்டுதான்." சரியாகிவிட்டால் சுடுகிறவர் விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன் என்று பெரியவரிடம் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். குரலில் தயக்கம். சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டியும் அட்டையும் இருப்பதால் நான் சொன்னதைவிட நல்ல விலை தருகிறார். நசுங்கல் அவருக்குப் பொருட்டே இல்லை, அவர் சுடப்போவதில்லை. பொட்டுக் கறைகூடப் பரவாயில்லையாம், அதிலும் ஒரு கதை இருக்கிறதாம். ஒரே நிபந்தனை, யாரும் பழுது பார்க்கக் கூடாது. கருவி பட்டால் அசல் தன்மை போய்விடும், பிறகு அவருக்கு வேண்டாம்.

அதாவது, பிஸ்டலைக் கடைக்காரரிடம் கொடுக்கிற அந்த நிமிஷமே சேகரிப்பாளரின் விலை போய்விடும். அதற்குப் பிறகு ஓரம் தெறித்துவிட்டால் நானும் வாங்க மாட்டேன். அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. எனக்கோ கோடை முடிந்துகொண்டிருந்தது. என் லைசென்ஸுக்காக அவர்களை அப்படி ஒரு ஆபத்தில் இறக்க எந்த நியாயமும் இல்லை. "அவருக்கே குடுத்துடுங்க சார்" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்கு அந்த பிஸ்டல் அவ்வளவு வேண்டியிருந்தது.

நான் சொன்னதைப் பெரியவர் பக்கத்தில் யாரிடமோ அப்படியே சொன்னார். பிறகு அந்த அம்மா போனைப் பிடுங்கிய ஓசை கேட்டது.

"இந்தாம்மா, அந்த ஆளு அத்த இன்னா பண்ணுவாரு?"

"கண்ணாடி அலமாரியில வெப்பாரும்மா. ரொம்ப பத்திரமா இருக்கும்."

"ஓடாதா?"

"ஓடாது."

"ஓடாத பொருளுக்கு இன்னாத்துக்கும்மா வருஷா வருஷம் பொட்டு வெச்சேன்? எங்களால கெட்டது எங்களால சரியாவட்டும். ரிப்பேரு பண்றவரு வூடு எங்க கீதுன்னு சொல்லு. பெரிய புள்ள இவர வண்டில கூட்டிகினு போவான்."

"போச்சுன்னா?" என்றேன்.

"போச்சின்னா போவுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கையில் போனை வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே நின்றேன். எந்தப் பழக்கம் அந்த பிஸ்டலை நசுக்கியதோ, அதே பழக்கம்தான் அதை எனக்குத் தருகிறது என்று எனக்குப் புரிய அடுப்பில் சாம்பார் அடிப்பிடிக்கிற அளவுக்கு நேரம் ஆனது. அன்று என் கணவர் அந்தச் சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புத்திசாலி.

கடைக்காரர் எடுத்துக்கொண்ட நாட்களில் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஸ்டாஃப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெறித்திருக்குமோ தெறித்திருக்குமோ என்றே போய் வந்தேன். பிறகு ஒரு மாலை, "அழுத்தியாச்சு மேடம், வெளில பாக்க நல்லாதான் இருக்கு, சுட்டாத்தான் தெரியும்" என்று செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பார்த்துவிடுவது என்று முடிவானது. பெரியவர் உறுப்பினர் என்பதால் அவர் பிஸ்டலை அங்கே, மேற்பார்வையாளர் முன்னிலையில், நான் சுட்டுப் பார்க்கலாம். மூத்த மகன் காரோட்டி வர, பெரியவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பின்கதவைத் திறந்து அந்த அம்மாவும் பட்டுப்புடவையில் இறங்கினார். துப்பாக்கி சுடுவதை வாழ்நாளில் பார்த்ததில்லையாம். காதடைப்பானைக் கொண்டைக்கு மேலே எப்படி மாட்டுவது என்று அவருக்கும் எனக்கும் ஒரு சின்னப் போராட்டம் நடந்தது.

பெரியவர் மாட்ட மறுத்துவிட்டார். "எனக்கு அட்டையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. காதாவது கேக்கட்டும்" என்றார். மேற்பார்வையாளர் திட்டியதும் பஞ்சை மட்டும் லேசாக வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

மேகசினில் ஐந்து தோட்டாக்கள். கையை நீட்டினேன். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, அழுத்தினேன்.

வெடித்தது. வலது பக்கமாகப் பித்தளைக் குப்பி பறந்து சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. நான் அட்டையைப் பார்க்கவே இல்லை, அந்தக் குப்பியைத்தான் பார்த்தேன். மறுபடி அழுத்தினேன். இரண்டாவதும் வந்து விழுந்தது. மூன்றாவது. நான்காவது கொஞ்சம் சோம்பலாக வந்தது, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியது. ஐந்தாவதும் தரையில் விழுந்து ஓடி, பெரியவரின் செருப்பில் போய் முட்டி நின்றது.

பிஸ்டலைக் காலி செய்து மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். "அஞ்சும் வந்துச்சி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொத்தேரிப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தக் கையில் என் சொந்தப் பிஸ்டல் இருக்கப் போகிறது என்ற சந்தோஷம் எனக்கு அதுவரை வாழ்க்கையில் வந்த சந்தோஷங்களில் எதைப் போலவும் இல்லை. அந்த அம்மா காதடைப்பானைக் கழற்றாமலே என்னவோ உரக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உரிமை மாற்ற மனுவை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். கேன்டீன் மேஜையில் வைத்துப் பேனாவைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார். கையெழுத்துப் போட வேண்டிய கோடு அவருக்குத் தெரியவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தார்.

"இங்க. ஆடாம போடு" என்றார்.

பெரியவர் மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினார். பிறகு எழுதினார். கையெழுத்து கடைசியில் கோட்டை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அனுமதி முடிய இன்னும் சில நாட்கள் இருக்கும்போதே கலெக்டர் அலுவலகத்தில் அந்த எண்ணை என் புத்தகத்தில் ஏற்றிக் கொடுத்தார்கள். கையெழுத்து ஏன் இறங்கியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.